ஏற்ற வழக்கும் ஏற்காத வழக்கும்: வழக்குரைஞர் லிங்கன்

ஆபிரகாம் லிங்கன் என்னும் பெயரைக் கேட்டவுடன் நம் நெஞ்சில் எழுவது, அடிமைத் தளையை அறுத்த அமெரிக்கக் குடியரசுத் தலைவரின் உருவமே ஆகும். ஆயினும் அப்பதவியில் அவர் இருந்த காலம் நான்கு ஆண்டுகளும் ஆறு வாரங்களுமே. அதற்கு முன்னர் ஏறத்தாழ 24 ஆண்டுகள் அவர் வழக்குரைஞராக வாழ்ந்தார். மனைவி மக்களைக் காப்பாற்றியதும், இல்லினாய் மாநிலம் முழுவதும் அவர் பெயரைப் பரப்பியதும், ஒவ்வொரு சொல்லையும் நிறுத்துப் பேசும் பழக்கத்தை அவருக்கு அளித்ததும் அத்தொழிலே.

அந்தக் காலத்தைப் பற்றி நம்மிடையே வழங்கும் கதைகள் பல. பொய் வழக்கை அவர் தொடமாட்டார். நியாயம் உள்ளவன் பக்கமே நிற்பார். ஏழையிடம் காசு வாங்கமாட்டார் என்றெல்லாம் சிறுவர் நூல்கள் சொல்லும். இக்கதைகளில் உண்மை இல்லாமல் இல்லை. ஆனால் முழு உண்மையும் அவற்றில் இல்லை. தம் அலுவலகப் படியேறி வந்த ஒருவரின் வழக்கை ஏற்பதா, மறுப்பதா என்பதை லிங்கன் எவ்வாறு முடிவு செய்தார் என்று பார்ப்போமானால், கதைகளில் வரும் மனிதரைக் காட்டிலும் சிக்கலான, ஆனால் நமக்கு இன்னும் நெருக்கமான ஒரு மனிதர் தென்படுகிறார்.

கடனாளி வழக்குரைஞரானார்

லிங்கன் 1809-ஆம் ஆண்டு பிப்ரவரி 12-ஆம் நாள் கென்டக்கி மாநிலத்தில் மரக்கட்டைகளால் ஆன குடிசையில் பிறந்தார். தந்தை தாமஸ் லிங்கன் உழைப்பாளி. கென்டக்கியில் நிலப் பத்திரங்கள் ஒன்றன்மேல் ஒன்று சிக்கிக் கிடந்த காலம் அது. உரிமைத் தகராறுகளால் அலைக்கழிக்கப்பட்ட தந்தை, 1816-இல் குடும்பத்தோடு இண்டியானாவுக்குக் குடிபெயர்ந்தார். பத்திரத்தில் உள்ள ஒரு பிழை ஒரு குடும்பத்தையே ஊர் விட்டு ஊர் போகச் செய்யும் என்பதை லிங்கன் ஏழு வயதிலேயே கண்டார். அவர் பள்ளிக்குச் சென்ற நாள்களை எல்லாம் கூட்டினாலும் ஓராண்டு தேறாது.

1831-இல் இல்லினாயின் நியூ சேலம் என்னும் சிற்றூரில் குடியேறினார். அங்கே கூட்டாக நடத்திய மளிகைக் கடை நொடித்தது, கூட்டாளியும் இறந்தார். கடன் முழுவதும் லிங்கன் தலையில் விழுந்தது. நில அளவைத் தொழிலுக்கென அவர் வைத்திருந்த கருவிகளும் குதிரையும் கடனுக்காக ஜப்தி செய்யப்பட்டு ஏலம் போயின. நண்பர் ஒருவர் அவற்றை ஏலத்தில் எடுத்து அவரிடமே திருப்பித் தந்தார். கடனைப் பல ஆண்டுகள் உழைத்து அடைத்தார். பிற்காலத்தில் கடன் வசூல் வழக்குகளையே மிகுதியாக நடத்திய இந்த வழக்குரைஞர், ஏலம் போடுபவனின் குரலைத் தம் வாசலிலேயே கேட்டவர் என்பதை நாம் மறக்கலாகாது.

1834-இல் மாநிலச் சட்டமன்றத்துக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டபின், ஜான் ஸ்டூவர்ட் என்ற வழக்குரைஞரிடம் நூல்களை இரவல் பெற்றுத் தாமே சட்டம் பயின்றார். அன்று வழக்குரைஞராவதற்கு முதற்படி நன்னடத்தைச் சான்று. 1836 மார்ச்சில் சாங்கமன் கவுண்டி நீதிமன்றம் அச்சான்றைப் பதிவு செய்தது. அதே ஆண்டு செப்டம்பரில் உரிமம் கிடைத்தது. 1837 ஏப்ரலில், இரவல் குதிரையில், சேணப்பையில் அடங்கிய உடைமைகளோடு ஸ்பிரிங்ஃபீல்டு நகருக்கு வந்து சேர்ந்தார்.

மூன்று கூட்டாளிகள்

முதற் கூட்டாளி ஸ்டூவர்ட். அவர் கவனம் அரசியலில் இருந்தமையால் அலுவலகச் சுமை விரைவிலேயே லிங்கன்மேல் விழுந்தது. 1841-இல் ஸ்டீபன் லோகனோடு சேர்ந்தார். லோகன் நுணுக்கம் மிக்க வழக்குரைஞர். பிராதுகளையும் எதிருரைகளையும் பிழையின்றி வரைவதில் கைதேர்ந்தவர். பேச்சுத் திறமையை மட்டும் நம்பியிருந்த லிங்கன், நூலைப் புரட்டி வழக்கை ஆயத்தம் செய்யும் முறையை அவரிடமே கற்றார்.

1844-இல் லிங்கன் தம் சொந்த நிறுவனத்தைத் தொடங்கினார். அப்போது அவர் சேர்த்துக்கொண்ட கூட்டாளி, தம்மைவிட ஒன்பது வயது இளையவரும் அப்போதுதான் தொழிலுக்கு வந்தவருமான வில்லியம் ஹெர்ண்டன். மூத்தவர் என்ற முறையில் லிங்கன் பெரும்பங்கு எடுத்திருக்கலாம். அவரோ வந்த கட்டணத்தைச் சரிபாதியாகப் பிரித்துக் கொடுத்தார். பேரேடும் கணக்கும் அந்த அலுவலகத்தில் ஒழுங்காக இருந்ததில்லை. முக்கியமான கடிதங்கள் லிங்கனின் உயரமான தொப்பிக்குள் இருந்தன. ஒருமுறை பழைய தொப்பியில் இருந்த கடிதம் புதுத் தொப்பி வாங்கியதால் மறந்துபோயிற்று என்று மற்றொரு வழக்குரைஞருக்கு மன்னிப்புக் கடிதமே எழுத நேர்ந்தது.

எந்த வழக்கு உள்ளே வரலாம் என்று தீர்மானிக்க அந்த அலுவலகத்தில் எழுதப்பட்ட விதி எதுவும் இல்லை. விதி, தொழில் நடந்த முறையிலேயே அடங்கியிருந்தது.

ஊர் ஊராகச் சென்ற நீதி

அக்காலத்து இல்லினாயில் நீதிமன்றம் ஒரே இடத்தில் அமர்ந்திருக்கவில்லை. நீதிபதி ஆண்டுக்கு இருமுறை, வசந்த காலத்திலும் இலையுதிர் காலத்திலும், கவுண்டி கவுண்டியாகச் சுற்றி வந்தார். வழக்குரைஞர்கள் குதிரையிலும் வண்டியிலும் அவரைப் பின்தொடர்ந்தனர். லிங்கன் சென்ற எட்டாவது சுற்றில் ஒரு காலத்தில் 14 கவுண்டிகள் இருந்தன. பருத்த உடலினரான நீதிபதி டேவிட் டேவிஸுக்கு மட்டும் தனிக்கட்டில். ஏனையோர் ஒரு கட்டிலில் இருவராகப் படுத்தனர். பகலில் எதிரெதிரே நின்று வாதாடியவர்கள் இரவில் ஒரே அடுப்பைச் சுற்றி அமர்ந்து கதை பேசினர்.

நீதிமன்றம் ஓர் ஊருக்கு வரும் நாளில் கட்சிக்காரர்களும் வந்து சேர்வர். உள்ளூர் வழக்குரைஞர் ஒருவர் தம் கட்சிக்காரரை அழைத்து வந்து லிங்கனிடம் அறிமுகம் செய்வார். மரத்தடியிலோ விடுதி முற்றத்திலோ வழக்கின் சுருக்கம் சொல்லப்படும். மறுநாளே விசாரணை. இத்தகைய நிலையில் வந்தவரின் குலமும் குணமும் ஆராய்ந்து, நியாயத்தை அலசிப் பார்த்து ஒப்புக்கொள்ளுதல் இயலாத செயல். முதலில் வந்து பேசியவர் யாரோ அவரே கட்சிக்காரர். இன்று தம் பக்கம் நின்றவருக்கு எதிராக நாளை நிற்க நேரும்; அதை யாரும் குறையாகக் கருதவில்லை.

1985-இல் இல்லினாய் மாநிலத்தில் ஒரு பெரும் பணி தொடங்கப்பட்டது. லிங்கனின் கையெழுத்தோ பெயரோ உள்ள நீதிமன்ற ஆவணங்களை எல்லாம் கவுண்டி கவுண்டியாகத் தேடித் தொகுக்கும் பணி அது. 2000-ஆம் ஆண்டில் அத்தொகுப்பு வெளிவந்தபோது, 5,000-க்கும் மேற்பட்ட வழக்குகளில் லிங்கனோ அவருடைய கூட்டாளிகளோ ஈடுபட்டிருந்தமை தெரியவந்தது. மாநில உச்ச நீதிமன்றத்தில் மட்டும் 400-க்கும் மேல். இவற்றுள் பெரும்பகுதி புரோநோட்டு, பாக்கி, அடமானம் ஆகியவை பற்றியது. கடன் கொடுத்தவருக்காகவும் வாதாடினார், கடன்பட்டவருக்காகவும் வாதாடினார். மணவிலக்கு, அவதூறு, பன்றி மேய்ந்த வயல், கொலை என்று எதுவும் விலக்கில்லை. இருப்புப்பாதைக் கம்பெனிக்காகவும் நின்றார். அக்கம்பெனிகளின்மீது வழக்குத் தொடுத்தவர்களுக்காகவும் நின்றார்.

ஆகவே, நியாயமான வழக்கை மட்டுமே ஏற்றார் என்னும் கதையை ஆவணங்கள் தாங்கவில்லை. ஏறக்குறைய வந்தவர் அனைவருக்கும் அவர் அலுவலகக் கதவு திறந்திருந்தது.

தடுத்த வழக்குகளும் குறைத்த கட்டணமும்

எனினும் அவர் யாதொரு தேர்வும் செய்யாதவர் என்று கொள்ளுதலும் பிழை. அவருடைய தேர்வு, வழக்கை வாசலில் மறுப்பதைவிட, நீதிமன்றம் போகாமல் தடுப்பதில் மிகுதியாக வெளிப்பட்டது. 1850-ஐ ஒட்டி இளம் வழக்குரைஞர்களுக்கான ஓர் உரைக்கு அவர் எழுதி வைத்த குறிப்புகள் கிடைத்துள்ளன. வழக்காடுவதை ஊக்கப்படுத்தலாகாது, அண்டை வீட்டாரை இயன்றவரை சமரசத்துக்கு இணங்கச் செய்க, சமாதானம் செய்து வைப்பதாலேயே வழக்குரைஞர் நல்ல மனிதராகும் வாய்ப்பைப் பெறுகிறார், அதற்குப் பிறகும் போதிய தொழில் இருக்கும் என்பது அவர் கருத்து. கிளறிவிட்டு வழக்கு உண்டாக்குபவரை அவர் மிகக் கடுமையாக வெறுத்தார்.

சொன்னதைச் செய்தும் காட்டினார். 1850 பிப்ரவரியில் தம் கட்சிக்காரர் ஒருவருக்கு எழுதிய கடிதத்தில், எதிராளியோடு இணங்கிப் போகுமாறு வேண்டினார். அதனால் பணம் விரைவில் கிடைக்கும். அலைச்சலும் செலவும் குறையும். அதுவரை தாம் செய்த வேலைக்குக் கட்டணம் வேண்டாம், நன்றி வேறு சொல்வேன் என்றும் எழுதினார். வந்த வழக்கைக் கலைக்கத் தம் கைப்பொருளை இழக்க முன்வரும் வழக்குரைஞரைக் காண்பது அன்றும் அரிது.

ஹெர்ண்டன் 1889-இல் வெளியிட்ட வாழ்க்கை வரலாற்றில் ஒரு நிகழ்ச்சி சொல்லப்படுகிறது. அறுநூறு டாலர் கோரி ஒருவர் வருகிறார். சட்டப்படி அவர் வெல்ல முடியும். ஆனால் அப்பணம் போவது ஒரு கைம்பெண்ணையும் தந்தையற்ற ஆறு குழந்தைகளையும் நிலைகுலையச் செய்யும். லிங்கன் அவ்வழக்கை ஏற்க மறுத்து, உழைக்கும் உடல் உள்ளவர் அறுநூறு டாலரை வேறு வழியில் தேடிக்கொள்ளலாம் என்று கட்டணமில்லா அறிவுரையும் கூறி அனுப்பினாராம். சட்டம் ஒருவருக்குத் தருவதெல்லாம் அறம் அவருக்குத் தருவதாகாது என்னும் தெளிவு இதில் காணப்படுகிறது. தம் கட்சிக்காரர் பொய்யர் என்று விசாரணையின் நடுவே தெரியவந்தால் லிங்கனுக்கு நாக்கு எழாது என்றும் உடனிருந்தோர் பலர் எழுதியுள்ளனர்.

கட்டணத்தில் அவர் காட்டிய கட்டுப்பாடும் குறிப்பிடத்தக்கது. முழுக் கட்டணத்தையும் முன்னதாகவே வாங்கிவிட்டால் வழக்கில் அக்கறை போய்விடும் என்பது அவர் எண்ணம். 1856-இல் ஒரு விடுதிக்காரருக்குக் குத்தகைப் பத்திரம் எழுதித் தந்ததற்கு 25 டாலர் வந்தது. வேலைக்கு 15 டாலர் போதும் என்று 10 டாலரைத் திருப்பி அனுப்பினார்.

காசு வாங்காத வழக்குகளும் உண்டு. 1846-இல், விடுதலைப் போரில் பங்கேற்ற வீரர் ஒருவரின் முதிய மனைவி, தம் ஓய்வூதியத்தைப் பெற்றுத் தந்த முகவர் அளவுக்கு மீறி எடுத்துக்கொண்டதாக முறையிட்டார். லிங்கன் அவருக்காக வாதாடி வென்றார், கட்டணம் பெறவில்லை. 1858 மே மாதம் பியர்ட்ஸ்டவுன் ஊரில் நடந்த ஆம்ஸ்ட்ராங் கொலை வழக்கு உலகறிந்தது. நியூ சேலத்தில் வறுமையில் வாடிய நாள்களில் தமக்குச் சோறிட்ட ஹன்னா ஆம்ஸ்ட்ராங்கின் மகன் டஃப் கொலைக் குற்றம் சாட்டப்பட்டு நின்றான். நிலவொளியில் கண்டேன் என்று சாட்சி உறுதியாகக் கூற, அந்த நேரத்தில் நிலவு மறையும் தறுவாயில் வானின் அடியில் இருந்ததைப் பஞ்சாங்கத்தைக் கொண்டு லிங்கன் காட்டினார். டஃப் விடுதலை ஆனான். தாயிடம் ஒரு காசும் வாங்கவில்லை. இங்கே வழக்கைத் தேர்ந்தது சட்டமும் அன்று, ஊதியமும் அன்று; பழைய நன்றி.

முதலில் பேசியவருக்கே முதலுரிமை

வந்தவர் யாராயினும் ஏற்பது என்றால், இரு தரப்பாரும் ஒரே நேரத்தில் வந்தால் என்ன செய்வது? இக்கேள்விக்கு லிங்கன் அளித்த விடை 1853-ஆம் ஆண்டில் தெளிவாகத் தெரிகிறது.

இல்லினாய் சென்ட்ரல் இருப்புப்பாதைக் கம்பெனி, மாநில அரசுக்குத் தன் வருவாயில் ஒரு பங்கைச் செலுத்துவதால், கவுண்டி வரிகளிலிருந்து விலக்குப் பெற்றிருந்தது. அவ்விலக்கு செல்லாது, தாங்களும் வரி விதிக்கலாம் என்று கவுண்டிகள் வாதிட்டன. மாநிலத்தின் மிகப் பெரிய நிறுவனத்தின் எதிர்காலமே இதில் தொங்கியது. சாம்பெயின் கவுண்டி அலுவலர்கள் இதுபற்றி முன்னரே லிங்கனிடம் பேசியிருந்தனர். பின்னர் கம்பெனியும் அவரை நாடிற்று. கம்பெனி தரக்கூடியது பெருந்தொகை. லிங்கன் உடனே கம்பெனிக்கு ஒப்புதல் தரவில்லை. செப்டம்பர் மாதம் கவுண்டி அலுவலருக்குக் கடிதம் எழுதி, முதலில் பேசியவர்கள் தாங்களே ஆதலால் முதலுரிமை தங்களுக்கே உண்டு என்றும், தக்க கட்டணத்துக்கு ஏற்பாடு செய்ய இயலுமானால் தாங்கள் பக்கமே நிற்பதாகவும் தெரிவித்தார். மாநிலத்தில் அப்போது எழக்கூடிய மிகப் பெரிய சட்டக் கேள்வி இது என்பதால், கட்டணத்தை முற்றிலும் இழக்கத் தம்மால் இயலாது என்பதையும் மறைக்கவில்லை. கவுண்டியோடு உடன்பாடு அமையவில்லை. அக்டோபரில் கம்பெனிக்கு எழுதித் தாம் இப்போது கட்டற்றவர் என்று அறிவித்தார். கம்பெனி அவரை அமர்த்தியது.

1856-இல் மாநில உச்ச நீதிமன்றத்தில் கம்பெனி வென்றது. லிங்கன் கேட்ட கட்டணத்தைத் தரக் கம்பெனி தயங்கியபோது, தம் கட்சிக்காரர்மீதே 5,000 டாலர் கோரி வழக்குத் தொடுத்து 1857-இல் வென்றார். அதிலும் பாதி ஹெர்ண்டனுக்குப் போயிற்று. விந்தை என்னவெனில், அதன் பிறகும் அதே கம்பெனிக்கு அவர் தொடர்ந்து வாதாடினார். விடுதிக்காரருக்குப் பத்து டாலர் திருப்பித் தந்தவரும், பெருங்கம்பெனியிடம் ஐயாயிரம் டாலரை விடாப்பிடியாக வாங்கியவரும் ஒருவரே.

இங்கே அவர் எடைபோட்டது எந்தப் பக்கம் நியாயம் என்பதை அன்று. வரி விலக்குச் செல்லுமா, செல்லாதா என்பது கற்றோர் இருவேறாகக் கருதக்கூடிய கேள்வி. அதைத் தீர்ப்பது நீதிபதியின் வேலை. சொன்ன சொல்லுக்கு முறை உண்டா, முதலில் வந்தவரை ஏமாற்றாமல் இருக்கிறேனா என்பதே அவர் தம்மைக் கேட்டுக்கொண்டது. வாணிப வழக்குகளுக்கு இது நேரிய விதி. ஆனால் எல்லா வழக்குகளும் வாணிப வழக்குகள் அல்லவே.

இரண்டு பெண்கள்

லிங்கனின் வழக்கேடுகளில் இரண்டு கறுப்பினப் பெண்களின் பெயர்கள் எதிரெதிரே நிற்கின்றன.

ஒருவர் நான்ஸ். நேதன் கிராம்வெல் என்பவர் இவரை டேவிட் பெய்லி என்பவருக்கு விற்று, விலைக்குப் புரோநோட்டு வாங்கியிருந்தார். அடிமை என்பதற்கான சான்றுகளைப் பின்னர்த் தருவதாக உடன்பாடு. சான்று வருமுன் கிராம்வெல் இறந்தார். அவருடைய சொத்தை நிருவகித்தோர் புரோநோட்டுப் பணம் கேட்டு வழக்கிட்டனர். பெய்லிக்காக வாதாடியவர் லிங்கன். எதிர்த்தரப்பில் நின்றவர் லோகன். 1841-இல் மாநில உச்ச நீதிமன்றம், இல்லினாயில் நிறம் எதுவாயினும் ஒவ்வொருவரும் சுதந்தரர் என்றே கொள்ளப்பட வேண்டும், சுதந்தரரை விற்றல் சட்டத்துக்குப் புறம்பு, ஆகவே அப்புரோநோட்டுச் செல்லாது என்று தீர்த்தது. வடிவில் இது ஒரு கடன் வழக்கு. விளைவில் ஒரு பெண்ணின் விடுதலை.

மற்றவர் ஜேன் பிரையன்ட். கென்டக்கியைச் சேர்ந்த ராபர்ட் மேட்சன் என்பவருக்கு இல்லினாயின் கோல்ஸ் கவுண்டியில் பண்ணை இருந்தது. உழவுப் பருவத்தில் கென்டக்கியிலிருந்து அடிமைகளைக் கொண்டுவந்து வேலை வாங்கிப் பின்னர்த் திருப்பி அனுப்புவது அவர் வழக்கம். இல்லினாயில் நிலையாகத் தங்கவைத்தால் அடிமை விடுதலை பெற்றுவிடுவார் என்பதால், தங்கவைக்கும் எண்ணம் தமக்கு இல்லை என்று சாட்சிகளிடம் சொல்லி வைப்பதும் வழக்கம். ஜேனின் கணவர் ஆண்டனி சுதந்தரர், பண்ணையின் மேற்பார்வையாளர். ஜேனையும் குழந்தைகளையும் தெற்கே விற்றுவிடுவதாக 1847-இல் மிரட்டல் எழவே, குடும்பம் இரவோடு இரவாக ஓடி, அடிமை முறையை எதிர்த்த கிடியன் ஆஷ்மோர், மருத்துவர் ஹிராம் ரூதர்ஃபோர்டு ஆகியோரிடம் அடைக்கலம் புகுந்தது. மேட்சன் சட்டத்தை நாடினார். ஜேனும் நான்கு குழந்தைகளும் சார்ல்ஸ்டன் ஊர்ச் சிறையில் வாரக்கணக்கில் அடைபட்டனர்.

ரூதர்ஃபோர்டுக்கு லிங்கன் பழக்கமானவர். அவர் மனப்போக்கை அறிந்தவராகையால் அவரையே அமர்த்த விரும்பி நேரில் சென்றார். அவர் பிற்காலத்தில் கூறிய நினைவுகளின்படி, லிங்கன் முகம் வாடிற்று. மேட்சன் சார்பில் முன்னரே தம்மிடம் பேசியாயிற்று, ஆகவே கட்டுண்டிருப்பதாகச் சொன்னார். ரூதர்ஃபோர்டு மனம் கசந்து திரும்பினார். பின்னர், கட்டிலிருந்து விடுபட்டுவிட்டதாகவும் இப்போது அவருக்காக வாதாட இயலும் என்றும் லிங்கனிடமிருந்து செய்தி வந்தது. தன்மானம் புண்பட்டிருந்த மருத்துவர் அதை ஏற்காமல் வேறொருவரை அமர்த்திக்கொண்டார்.

1847 அக்டோபரில் விசாரணை நடந்தது. லிங்கன் அப்போது நாடாளுமன்றத்துக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டு வாஷிங்டன் புறப்பட இருந்தவர். அடிமைமுறை அநீதியின்மேலும் தவறான கொள்கையின்மேலும் எழுப்பப்பட்டது என்று பத்தாண்டுகளுக்கு முன்னரே, 1837-இல், சட்டமன்றக் குறிப்பேட்டில் எழுதிக் கையொப்பமிட்டவர். அவரே இப்போது அடிமை உடையவருக்காக எழுந்தார். ஜேன் இல்லினாயில் வேலைக்காக வந்து போனவரே அன்றிக் குடியிருக்க வந்தவர் அல்லர், ஆகவே அடிமை நிலை நீங்கவில்லை என்பது வாதம். நீதிபதிகள் ஏற்கவில்லை. ஜேனும் குழந்தைகளும் சுதந்தரர் என்று தீர்ப்பாயிற்று. அக்குடும்பம் பின்னர் லைபீரியாவுக்குச் சென்று குடியேறியது.

தராசின் இரு தட்டுகள்

மேட்சன் வழக்கு லிங்கனின் வாழ்க்கையை எழுதியோரை இன்றுவரை திணறச் செய்கிறது. சிலர் அதைக் கண்டும் காணாமல் தாண்டிவிடுவர். சிலர், அவர் அரைமனத்தோடு பேசித் தோற்றார் என்று ஆறுதல் கூறுவர். இந்த ஆறுதல் பொருந்தாது. ஒருவர் வழக்கை ஏற்றுக்கொண்டு வேண்டுமென்றே சோர்ந்து வாதாடுவது கட்சிக்காரருக்குச் செய்யும் துரோகம். ஒரு குற்றத்தை மறைக்க இன்னொரு குற்றத்தை அவர்மேல் சுமத்துவது புகழ்ச்சியாகாது.

தொழில் முறைப்படி அவர் செய்தது சரி என்போர் கூற்றையும் எண்ணிப் பார்க்க வேண்டும். வழக்குரைஞர் நீதிபதி அல்லர். வந்தவரை எல்லாம் முன்கூட்டியே குற்றவாளி என்று தள்ளினால், ஊர் வெறுக்கும் மனிதனுக்காகப் பேச ஒருவரும் கிடைக்கமாட்டார். டஃப் ஆம்ஸ்ட்ராங்கையும் ஊரார் கொலைகாரன் என்றே நினைத்தனர். தப்பி வந்த அடிமைக்கு இடம் கொடுத்ததாகக் குற்றம் சாட்டப்பட்ட ஒருவருக்காக 1845-இல் லிங்கன் வாதாடி விடுதலை வாங்கித் தந்ததும், கதவை எல்லோருக்கும் திறந்து வைத்த இதே வழக்கத்தால்தான். திறந்த கதவின் வழியே நான்ஸின் வழக்கும் வந்தது, மேட்சனும் வந்தார்.

இவ்வாதத்தில் வலு உண்டு. ஆனால் மேட்சனுக்கு வேறு வழக்குரைஞர் இல்லாமல் இல்லை. அஷர் லிண்டர் என்னும் திறமைசாலி ஏற்கெனவே அவர் பக்கம் இருந்தார். லிங்கன் மறுத்திருந்தால் நீதி முடங்கியிராது. கைம்பெண்ணின் அறுநூறு டாலர் வழக்கை மறுக்கத் தெரிந்தவருக்கு, தாயையும் நான்கு குழந்தைகளையும் அடிமைச் சந்தைக்கு அனுப்பும் வழக்கை மறுக்க இயலாமற் போனது ஏன்? முதலில் பேசியவருக்கே முதலுரிமை என்ற விதி, வரி வழக்கில் நேர்மை. இந்த வழக்கில் நேர்மையின் வடிவம் மட்டுமே. விதியைக் காத்தவர் விதி எதற்காக உண்டாயிற்று என்பதை மறந்தார் எனலாம். ரூதர்ஃபோர்டின் நினைவு சரியானதாயின், கட்டை அவிழ்த்துக்கொள்ள அவர் முயன்றது அவருடைய உள்ளமே இதை உணர்ந்தமைக்குச் சான்று.

பத்து ஆண்டுகள் கழித்து, 1857-இல், டிரெட் ஸ்காட் வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. இல்லினாய் முதலிய சுதந்தர மண்ணில் ஆண்டுக்கணக்கில் வாழ்ந்தவரும் அடிமையே என்றது அத்தீர்ப்பு. ஜேன் வழக்கில் எழுந்த கேள்வியும் ஏறத்தாழ இதுவே. இம்முறை லிங்கன் எந்தப் பக்கம் நின்றார் என்பதை நாடறியும். அவ்வாண்டு ஜூன் மாதம் ஸ்பிரிங்ஃபீல்டில் பேசி, அத்தீர்ப்பின் வரலாற்றுப் பிழைகளைச் சுட்டினார். அதை மாற்றச் செய்ய முயல்வோம் என்றார். யாரும் வந்து அமர்த்தாத வழக்கு அது, கட்டணமும் இல்லை. அதைத் தாமாகவே ஏற்றார்.

1861 பிப்ரவரியில் ஸ்பிரிங்ஃபீல்டை விட்டுப் புறப்படுமுன் லிங்கன் தம் அலுவலகத்துக்கு வந்தார். இருவர் பெயரும் தாங்கிய பலகையைக் கழற்ற வேண்டாம், உயிரோடு திரும்பினால் இருவரும் மறுபடி தொழில் செய்வோம் என்று ஹெர்ண்டனிடம் சொல்லிச் சென்றார். அவர் திரும்பவில்லை. 1863 ஜனவரி முதல் நாள் வெளியிட்ட விடுதலை அறிக்கையில் உணர்ச்சி குறைவு, சட்ட நுணுக்கம் மிகுதி என்று அன்று பலர் குறைகூறினர். எந்த மாநிலம், எந்தக் கவுண்டி, எந்த அதிகாரத்தின் கீழ் என்று பத்திரம் எழுதுவதுபோல் எழுதியிருந்தார். அறிக்கை மட்டும் போதாது, பின்னாளில் ஒரு நீதிமன்றம் அதைத் தள்ளிவிடக்கூடும் என்றுணர்ந்து, அரசமைப்பிலேயே அடிமைமுறையை ஒழிக்கும் 13-ஆவது திருத்தத்தை 1865 ஜனவரியில் மக்களவையில் நிறைவேற்றச் செய்தார். அவர் சுடப்பட்டது அவ்வாண்டு ஏப்ரல் 14-இல். மறுநாள் காலை உயிர் பிரிந்தது. டிசம்பரில் திருத்தம் நாட்டின் சட்டமாயிற்று. இனி எந்த மேட்சனும் எந்த வழக்குரைஞரிடமும் அத்தகைய வழக்கைக் கொண்டுவர இயலாது என்னும் நிலை பிறந்தது.

லிங்கன் ஒரு பிழையும் செய்யாத வழக்குரைஞர் என்று சொல்வதால் அவர் உயர்ந்துவிடமாட்டார். ஐயாயிரம் வழக்குகளுக்கு இடம் கொடுத்த கதவின் வழியே நுழையக் கூடாத ஒன்றும் நுழைந்தது. அவர் அதை நிறுத்தவில்லை. சமரசத்தை நாடியது, அளவறிந்து கட்டணம் வாங்கியது, முதலில் பேசியவரை ஏமாற்றாதது ஆகியவை தொழிலறம். அவற்றை அவர் குறைவறக் காத்தார். அவற்றையெல்லாம் காத்த பின்னும் ஒருவர் தவறான பக்கத்தில் நிற்க நேரலாம் என்பதை ஜேன் பிரையன்டின் வழக்கு நமக்குச் சொல்கிறது. நாள்தோறும் யாரோ ஒருவருக்காகப் பேச ஒப்புக்கொள்ளும் அனைவரும், வழக்குரைஞராயினும் எழுத்தாளராயினும், நினைவிற் கொள்ளத்தக்க பாடம் இது.